பஞ்சாயத்து அப்ரூவல் மனை: பதிவாகுமா, பிளான் கிடைக்குமா?

கரிசல்மண்:
விழுப்புரம் பக்கம் ஒரு கிராம ஊராட்சியில் 1,200 சதுர அடி மனை விலைக்கு வருகிறது. விற்பவரிடம் 2014-ல் பதிவான கிரயப் பத்திரம் இருக்கிறது. லேஅவுட் வரைபடத்தில் ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் உண்டு, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண் இல்லை. இப்போது வாங்கினால் பதிவாகுமா? வீடு கட்ட பிளான் கிடைக்குமா?

மூலப்பத்திரம்:
இரண்டும் வேறு வேறு கேள்விகள். பதிவாகிவிட்டதே, பிளானும் கிடைத்துவிடும் என்று நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 20.10.2016 முதல் அமலில் இருக்கிறது. அனுமதி பெறாத மனையைச் சார்பதிவாளர் பதிய மறுக்க வேண்டும். அதே மனை முன்பே மனையாகப் பதிவாகியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. ஆகவே 2014 பத்திரத்தில் சொத்து விவரத்தைப் படியுங்கள். மனை எண்ணும், கிழமேல் 30 அடி, தென்வடல் 40 அடி என்பது போன்ற அளவும் இருந்தால் நல்லது. ‘புஞ்சை இத்தனை சென்ட்’ என்று மட்டும் இருந்தால் அது நிலமாகத்தான் பதிவாகியிருக்கிறது. விதிவிலக்கைக் கேட்க முடியாது. பாதியாகப் பிரித்து வாங்கினாலும் அது ‘அதே மனை’ ஆகாது.

தலைவரின் முத்திரையைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். லேஅவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் அவருக்குத் தனியாகக் கிடையாது.

நிலஅளவை:
பிளானுக்கு வரன்முறை உத்தரவு, அதாவது அனுமதியில்லாத மனையை முறைப்படுத்தித் தரும் உத்தரவு, கட்டாயம். 2017 வரன்முறை விதிகளின்படி முதலில் லேஅவுட் முழுவதற்கும் டிடிசிபியின் கொள்கை அளவு ஒப்புதல், அதன் பிறகே தனி மனைக்கு உத்தரவு. முதல் கட்டம் முடிந்துவிட்டதா என்று விற்பவரிடம் கேட்டு, ஒப்புதல் எண்ணை வாங்குங்கள். முடிந்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

பரிசீலனைக் கட்டணம் மனைக்கு 500 ரூபாய். வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் சதுர மீட்டர் கணக்கு. உங்கள் மனை 111.48 சதுர மீட்டர். காலக்கெடு பலமுறை நீண்டிருக்கிறது, அட்வான்ஸ் கொடுக்கும் முன் வரன்முறைக்கான அரசு இணையதளத்தில் பாருங்கள். கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்பட (நிலஅளவை வரைபடம்) நகல் எல்லாவற்றிலும் சர்வே எண் ஒன்றாக இருக்க வேண்டும். உட்பிரிவு எண் மாறினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

2024-ல் வந்த சுயசான்று அனுமதி (விண்ணப்பதாரரே சான்றளித்து வாங்கும் கட்டட அனுமதி; மனை 2,500, கட்டடம் 3,500 சதுர அடி வரை) இதற்குக் குறுக்கு வழி அல்ல. அதற்கும் மனை ஒழுங்காக இருக்க வேண்டும்.

கரிசல்மண்:
நன்றி. மூலையில் இன்னொரு மனை மலிவாகச் சொல்கிறார்கள். அதற்கு 2015-ல் போட்ட பவர் (அதிகாரப் பத்திரம்) மட்டும்தான் இருக்கிறது.

மூலப்பத்திரம்:
வேண்டாம். பவரும் கிரய ஒப்பந்தமும் விற்பனைக்கான ஆதாரமாக ஏற்கப்படுவதில்லை. சட்டத்தின் பார்வையில் அது இன்னும் விற்காத மனை. லேஅவுட் போட்டவரே வரன்முறைப்படுத்தித் தர வேண்டும்.

நிலஅளவை:
மூலை மனை என்றால் புலப்படத்தில் வாய்க்கால் ஓடுகிறதா என்றும் பாருங்கள். நீர்நிலை, வாய்க்கால், புறம்போக்கு மேல் விழும் மனையை எந்தக் கட்டணம் கட்டியும் வரன்முறைப்படுத்த முடியாது.