மொட்டை போட்டதால் ஐடி பிளாக். இதைத்தான் சைபர்பங்க் என்கிறார்களா?

வேளச்சேரி ரைடர்:
சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறேன். குடும்பத்தோடு பழனிக்குப் போய் மொட்டை போட்டு, தாடியையும் எடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் மதிய ஸ்லாட்டுக்கு லாகின் செய்தால் ஆப் வழக்கம்போல செல்ஃபி கேட்டது. எடுத்தால், 'முகம் பொருந்தவில்லை'. வெளிச்சம் போதவில்லையோ என்று கடை வாசலுக்கு வந்து எடுத்தேன். தலையில் பூசிய சந்தனம்தான் காரணமோ என்று துடைத்துவிட்டும் எடுத்தேன். அப்புறம் ஐடியே பிளாக். கணக்கை வேறு ஆள் பயன்படுத்துகிறாராம்!

உதவி பட்டனை அமுக்கினால் சாட்டில் மனிதர் இல்லை, தானாகப் பதில் சொல்லும் ஒரு பாட். 'உங்கள் சிரமம் புரிகிறது' என்று சொல்லிவிட்டு அதே பட்டன்களைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. நேர்த்திக்கடன் என்று அதில் எந்தப் பட்டனும் இல்லை. டீம் லீடரைப் பிடித்தால், "என் கையில ஒண்ணும் இல்லப்பா, சிஸ்டம் பண்ணது" என்கிறார். எங்கள் தெரு நாய்கூட ஒரு குரைப்போடு என்னை அடையாளம் கண்டுகொண்டது.

காலேஜில் படிக்கும் தங்கை மகன், "மாமா, நீ சைபர்பங்க் கதைக்குள்ள மாட்டிக்கிட்ட" என்று சிரிக்கிறான். நியான் விளக்கு, பறக்கும் கார், ஓயாத மழை எல்லாம் வருமாமே அதில்? வேளச்சேரியில் மழை மட்டும்தான் உண்டு. நிஜமாகவே நாம் அதற்குள் இருக்கிறோமா, இல்லை படிக்கிற பையன்கள் பேச்சா?

பழைய வாசகன்:
பையன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான், தம்பி. 1980-களில் கிளம்பிய அந்த வகை அறிவியல் புனைகதைகளில் விளக்கு அலங்காரத்தைத் தள்ளிவிட்டுப் பாருங்கள். உன் உடம்போடு ஒட்டிய பொருளுக்கும் சாவி ஒரு கம்பெனியிடம்தான் இருக்கும்.

இது கதையோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் செகண்ட் சைட் என்ற கம்பெனி 'ஆர்கஸ் 2' என்று ஒரு கருவி விற்றது. பார்வை இழந்தவரின் விழித்திரையில் 60 மின்முனைகளைப் பொருத்தி, அவர் அணியும் கண்ணாடியில் உள்ள கேமராவோடு இணைப்பார்கள். 2013-ல் அங்கே அனுமதி கிடைத்தது. முழுப் பார்வை வராது. வாசல் எங்கே, நடைபாதை விளிம்பு எங்கே என்று வெளிச்சப் புள்ளிகளாகத் தட்டுப்படும், அவ்வளவுதான். அதுவே அவர்களுக்குப் பெரிய விஷயம். 2020-ல் பணம் தீர்ந்து, கம்பெனி பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கருவி பழுதானால் சரிசெய்ய ஆளும் இல்லை, உதிரி பாகமும் இல்லை. அறுவை செய்து உள்ளே வைத்தது மட்டும் கண்ணுக்குள் அப்படியே இருந்தது.

வேளச்சேரி ரைடர்:
அவர்கள் கஷ்டம் எங்கே, என் கஷ்டம் எங்கே சார். நான் வேறு ஆப்பில் சேரலாம்தான். ஆனால் இங்கே சேர்த்த ரேட்டிங் அங்கே செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். செல்ஃபி அங்கேயும் கேட்பான்.

கிண்டி ஆட்டோ:
தம்பி, ஆப் வருவதற்கு முன்னால் எல்லாம் நன்றாக இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஸ்டாண்டில் வண்டி போட வேண்டுமென்றால் சங்கத்துக்குக் காசு கட்ட வேண்டும். கட்டாதவனை நிற்க விட மாட்டார்கள், என்னையே துரத்தியிருக்கிறார்கள். ஆனால் துரத்தினவர் சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். போய் சண்டை போடலாம், தெரிந்த நாலு பேரை வைத்துச் சமாதானமும் பேசலாம். உன் கேஸில் யாரிடம் போய்ப் பேசுவது?

சட்டம் படித்தவள்:
பாட்டோடு மல்லுக்கட்டாதீர்கள் அண்ணா. ஆப்பின் விதிமுறைப் பக்கத்துக்கு அடியில் குறைதீர் அலுவலர் என்று ஒரு மெயில் முகவரி இருக்கும், அதற்கு எழுதுங்கள். செல்ஃபி நிராகரிக்கப்பட்ட ஸ்கிரீன்ஷாட், டிரைவிங் லைசென்ஸ், மொட்டைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ எல்லாம் இணையுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வையுங்கள்; ஐடி முடங்கினால் ஆப்பில் இருக்கும் பழைய வருமானக் கணக்கு திறக்காமல் போகலாம்.

கர்நாடகாவில் 2025-ல் உங்களைப் போல ஆப் வழியாக வேலை செய்கிறவர்களுக்கு வந்த கிக் தொழிலாளர் சட்டப்படி, வேலையை விட்டு நீக்கும் முன் 14 நாள் நோட்டீஸும் எழுத்தில் காரணமும் தர வேண்டும். நம் தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இவர்களுக்கென்று தனி நல வாரியம் அமைத்தார்கள். பதிந்து வைத்தால் விபத்து உதவி மாதிரியான விஷயங்களுக்கு ஆகும், ஆனால் ஐடியைத் திறந்து தராது. அதனால் மெயிலில் இரண்டே கேள்வி கேளுங்கள்: முடிவெடுத்தது மனிதரா, மென்பொருளா? மறுபரிசீலனை செய்வது யார்?

வேளச்சேரி ரைடர்:
இங்கிலீஷில்தான் எழுதணுமா அக்கா?

சட்டம் படித்தவள்:
தமிழிலேயே எழுதுங்கள். கீழே ஆங்கில வடிவமும் இருந்தால் சாக்குச் சொல்ல முடியாது. அதை நான் ராத்திரி எழுதி இங்கே போடுகிறேன்.