இடி முழங்கும்போது கைத்தொலைபேசியை அணைக்க வேண்டுமா?

உப்புவெளியான்: நேற்றுப் பின்னேரம் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே செய்தி: "கைத்தொலைபேசி மின்னலை இழுக்கும். இடி கேட்டதும் அணைத்து அலுமாரியில் வையுங்கள்." வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மின்னல் உயரமானதில் விழும். வெளியில் நிற்கும் தனிப்பனையில் விழும், நம் திருகோணமலைக் கொட்டியாரக் குடாவில் தனித்து நிற்கும் படகில் விழும். சட்டைப்பையைத் தேடி வராது.

நிலாவெளிவாசி: அனுப்பியவன் நான்தான், தம்பி. அயல்வீட்டில் இடி விழுந்து தொலைபேசி கருகியதைக் கண்ணால் கண்டேன். பின்பக்கம் உப்பி, பிளாஸ்டிக் மேசையோடு ஒட்டிக்கிடந்தது. அணைப்பதில் என்ன நட்டம்?

உப்புவெளியான்: சார்ஜரில் கிடந்ததா?

நிலாவெளிவாசி: கிடந்தது. கருகியது தொலைபேசிதானே?

உப்புவெளியான்: ஐயா, மின்கம்பியில் இறங்கிய மின்னல் பிளக் வழியாக வந்திருக்கிறது! "சார்ஜரைக் கழற்றுங்கள், கம்பி இணைப்புள்ள வீட்டுத் தொலைபேசியைத் தொடாதீர்கள்" என்று எழுதியிருந்தால் கும்பிட்டிருப்பேன். நீங்கள் அணைக்கச் சொல்கிறீர்கள். அணைத்தவன் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை எப்படி அழைப்பான்? அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை எப்படி அழைப்பான்?

மூதூர் மகள்: 2020 டிசம்பர் 2 இரவு, புரவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியபோது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அழைப்பு எடுபடவில்லை. அண்ணனுக்கு அனுப்பிய குறுஞ்செய்திதான் போய்ச் சேர்ந்தது. பற்றரி 9 வீதம். திரை ஒளியைக் குறைத்து, இணையத்தை நிறுத்தி, விடியும்வரை காப்பாற்றினேன். அணைத்திருந்தால் அவர் வந்திருப்பாரா?

நிலாவெளிவாசி: அது புயல், பிள்ளை. நான் சொன்னது இடி.

கிண்ணியாக் கரை: இடியை விடுங்கள். ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் மோட்டார் சைக்கிள் என்று கண்டி வீதியில் பறக்கிறார்களே, அதைப் பேச ஆளில்லை.

உப்புவெளியான்: அதற்குத் தனியாக ஒரு விவாதம் தொடங்குங்கள். இங்கே பேச்சு பிளக்கைப் பற்றியது.

நிலாவெளிவாசி: கிண்ணியாக்காரர் சொல்வதும் நியாயந்தான். உனக்கு என்னை மறுப்பதே வேலை. போன மாதம் கிணற்றுத் தண்ணீர் பற்றி எழுதினேன், அங்கேயும் வந்து நின்றாய்.

உப்புவெளியான்: அன்றும் பிழையாகத்தான் எழுதினீர்கள். கிணறு இருக்கட்டும். சார்ஜரில் கிடந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பிறகென்ன?

நிலாவெளிவாசி: கருகியது தொலைபேசி.

உப்புவெளியான்: பிளக்கில் கிடந்த தொலைபேசி! குழுவில் உள்ள செய்தியை அழியுங்கள், ஐயா. வயதானவர்கள் அதை நம்பி அணைத்துவிட்டு இருட்டில் கிடப்பார்கள்.

மூதூர் மகள்: என் அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறார்.

நிலாவெளிவாசி: அழிக்க மாட்டேன். வடக்கே வானம் கறுக்கிறது. இன்னொரு முறை அனுப்பப் போகிறேன்.