டெக்சாஸ்: பழைய டி.டபிள்யூ.ஐ (குடிச்சிட்டு வண்டி ஓட்டின கேஸ்) இருந்தா துப்பாக்கி லைசென்ஸ் கிடையாதாம். நியாயமா?

கேட்டி_கடைக்காரர்:
2022-ல குடிச்சிட்டு வண்டி ஓட்டி மாட்டினேன். முதல் தடவை, ஆல்கஹால் அளவு 0.11, கிளாஸ் பி (சில்லறைக் குற்றத்துல ரெண்டாவது பிரிவு). அந்த அக்டோபர்ல ஜட்ஜ் 'டிஃபர்ட் அட்ஜுடிகேஷன்' (தீர்ப்பைத் தள்ளிவெச்சு, புரொபேஷன்ங்கிற கண்காணிப்புல விடறது) கொடுத்தார். புரொபேஷனை ஒழுங்கா முடிச்சேன், கேஸ் தள்ளுபடி. "உங்க மேல குற்றவாளின்னு தீர்ப்பு, அதாவது கன்விக்‌ஷனே இல்ல சார்"னு வக்கீல் கை குலுக்கி அனுப்பினார். கடையைப் பூட்ட ராத்திரி 12 ஆகுது, கையில அன்னிக்கு வசூல். 40 டாலர் கட்டி, வகுப்புக்குப் போய், சுட்டும் காட்டி எல்.டி.சி (கைத்துப்பாக்கி லைசென்ஸ்) அப்ளை பண்ணினா, அதைக் கொடுக்கிற மாநில டி.பி.எஸ் துறை முடியாதுன்னுட்டாங்க.

சண்முகம்_டாலஸ்:
வக்கீல் சொன்னது பாதி சரி. லைசென்ஸ் சட்டத்துல 'கன்விக்டட்'ங்கிற சொல்லுக்குத் தனி அர்த்தம். டிஃபர்டும் அதுல அடக்கம். கிளாஸ் ஏ, கிளாஸ் பி எதுவா இருந்தாலும் 5 வருஷம் காத்திருக்கணும். கைதான நாள்லேர்ந்தோ புரொபேஷன் முடிஞ்ச நாள்லேர்ந்தோ இல்ல, ஜட்ஜ் உத்தரவு போட்ட நாள்லேர்ந்து. இமிக்ரேஷன்லயும் டிஃபர்ட் கன்விக்‌ஷன்தான். கிரீன் கார்டுக்காரங்க இதை மறந்துடாதீங்க.

கொங்கு_தம்பி:
கூத்தப் பாருங்ண்ணா. 2021 செப்டம்பர் 1-லேர்ந்து இந்த ஊர்ல 21 வயசு ஆனவன் லைசென்ஸ் இல்லாமயே துப்பாக்கி வெச்சுட்டு நடக்கலாம். அதுக்கு 5 வருஷத் தடை போடற சில்லறைக் குற்றம் நாலஞ்சுதான்: அடிச்சுக் காயப்படுத்தறது, மிரட்டறது, பொது இடத்துல துப்பாக்கியக் காட்டறது, அந்த மாதிரி. டி.டபிள்யூ.ஐ அதுல இல்ல! வகுப்புக்கு வந்து கைரேகை குடுக்கறவனுக்கு முன்வாசல்ல பூட்டு, ஒண்ணுமே குடுக்காதவனுக்குக் கொல்லைக் கதவு தொறந்திருக்கு.

ஆஸ்டின்_அகிலா:
அப்ப கொல்லைக் கதவைச் சாத்தச் சொல்லுங்க, முன்வாசலை ஏன் திறக்கணும்? எல்.டி.சி வெறும் இடுப்புல சொருக அனுமதி இல்ல. கடையில துப்பாக்கி வாங்கும்போது எஃப்.பி.ஐ பின்னணி செக் வேண்டாம், பல மாநிலங்கள்ல செல்லும். இவரை நம்பலாம்னு அரசாங்கம் கொடுக்கிற அத்தாட்சி அது. குடிச்சிட்டு ஸ்டீயரிங் பிடிச்சவருக்கு 5 வருஷம் பெருசா? என்னோட வேலை பார்த்த பொண்ணு அப்படி ஒருத்தன் இடிச்சதுல இன்னிக்கும் ஊன்றுகோல் வெச்சுத்தான் நடக்கிறா.

கொங்கு_தம்பி:
அந்தப் புள்ளைக்கு நடந்தது கொடுமைதான், இல்லீங்கல. ஆனா 150 டாலர் ஜீன்ஸ் திருடினவனுக்கும், பாக்கெட்ல கொஞ்சம் கஞ்சா வெச்சிருந்தவனுக்கும் இதே 5 வருஷம். ரெண்டும் கிளாஸ் பி. இதுல எங்கக்கா ஆபத்து? 2024-ல ரஹிமி வழக்குல சுப்ரீம் கோர்ட்டே ஆபத்தானவன்கிட்டதான் பறிக்கலாம்னு சொல்லிருச்சு.

சண்முகம்_டாலஸ்:
தம்பி, அதை ரொம்ப இழுக்காதீங்க. ரஹிமி கேஸ் குடும்ப வன்முறைக்கான பாதுகாப்பு உத்தரவு பத்தினது. 8-1-ன்னு தடையை ஏத்துக்கிட்டாங்க. சில்லறைக் குற்றம் எதையும் அதுல தீர்மானிக்கல.

ஆஸ்டின்_அகிலா:
மனைவியை அடிச்சு மிஸ்டிமீனர்ல (சில்லறைக் குற்றம்) தண்டனை வாங்கினா ஃபெடரல் சட்டப்படி ஆயுசுக்கும் துப்பாக்கியைத் தொட முடியாது. 1996-லேர்ந்து இருக்கு. அதோட ஒப்பிட்டா 5 வருஷம் தாராளம்.

கேட்டி_கடைக்காரர்:
சண்டை போதும். நான் லைசென்ஸ் இல்லாமயே வெச்சுக்கலாமா, இல்லையா?

சண்முகம்_டாலஸ்:
டெக்சாஸ் சட்டப்படி வெச்சுக்கலாம், போதையில இல்லாத வரை. ஆனா பள்ளிக்கூடத்தைச் சுத்தி 1000 அடிக்கு ஃபெடரல் தடை. லைசென்ஸ்காரனுக்கு விலக்கு உண்டு, உங்களுக்குக் கிடையாது. அந்த எல்லைக்குள்ள வண்டியில போனா தோட்டாவை எடுத்துட்டு, பெட்டியில பூட்டித்தான் கொண்டு போகணும்.

கேட்டி_கடைக்காரர்:
கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல ரெண்டு ஸ்கூல் இருக்கே! அப்பீல் போனா?

சண்முகம்_டாலஸ்:
நோட்டீஸ் வந்து 30 நாளைக்குள்ள கேட்டா உங்க கவுன்டி ஜஸ்டிஸ் கோர்ட்ல விசாரணை நடக்கும். ஆனா தேதி உங்களுக்கு எதிரா இருக்கு, போய் என்ன பேசுவீங்க? 2027 அக்டோபர் தாண்டி அப்ளை பண்ணுங்க. அதுக்குள்ள இன்னொரு டி.டபிள்யூ.ஐ வந்துடக் கூடாது. 10 வருஷத்துல ரெண்டு ஆச்சுன்னா போதைக்கு அடிமைன்னு கணக்கு, அதுக்கே தனித் தடை.

கேட்டி_கடைக்காரர்:
சரி, கேமராவைக் கூட்டிக்கிறேன். கடையில என் மச்சான் இருக்கான், அவனை அப்ளை பண்ணச் சொல்லலாம். ரெண்டு ஸ்பீடிங் டிக்கெட் இருக்கு, பரவாயில்லையா?

சண்முகம்_டாலஸ்:
அது கிளாஸ் சி, சில்லறைலயும் கடைசிப் பிரிவு, கணக்குலயே வராது. தெருவுல கைகலப்புன்னு டிக்கெட் வாங்கியிருக்காரான்னு மட்டும் கேளுங்க. 'டிஸ்ஆர்டர்லி கான்டக்ட்' (பொது இடத்துல ஒழுங்கீனம்) வெறும் அபராதத்தோட முடிஞ்ச கிளாஸ் சி-யா இருந்தாலும் 5 வருஷம் தடுக்கும்.

கேட்டி_கடைக்காரர்:
...அவன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒண்ணு நடந்துச்சு. தேதி கேட்டுட்டு வர்றேன்.