இரண்டும் இடது: பழைய ஸ்போர்ட்ஸ் சீட் வாங்கிய அனுபவங்கள்

துருக்காரன்:
இங்கிலாந்தின் பியூலி பழைய கார் உதிரிபாகச் சந்தை, செப்டம்பர், மழை. என் ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2 காருக்கு மூன்று வருடமாகத் தேடிய ரெக்காரோ நிறுவன ஸ்போர்ட்ஸ் சீட், வலை கட்டிய தலைசாய்ப்போடு, தார்ப்பாய்க்கு அடியில் ஜோடியாகக் கிடந்தது. "ஆர்எஸ் 2000 காரிலிருந்து கழற்றியது" என்றார் விற்றவர், எஸ்கார்ட்டின் வேக வகை அது. உட்கார்ந்து பார்த்தேன், இடுப்பை அப்படியே கவ்விப் பிடித்தது. பேரம் பேசக்கூட மறந்துவிட்டேன். வீட்டுக் கூடத்தில் இரண்டையும் அருகருகே வைத்த பிறகுதான் தெரிந்தது: முதுகை முன்னால் மடக்கும் நெம்புகோல் கதவுப் பக்கம் இருக்க வேண்டும், இரண்டிலும் அது இடது பக்கமே. மனைவி தேநீரோடு வந்து நின்றாள். "இரண்டு காலுக்கும் இடது செருப்பா வாங்கி வந்தீர்கள்?" அந்தக் கேள்வி இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

பழுப்புக் கார்டுராய்:
உங்களுக்காவது வாங்கியது இன்னதென்று தெரியும். என் பிஎம்டபிள்யூ 2002 கைக்கு வந்தபோதே முன்னால் கம்பெனிச் சீட் இல்லை. பழுப்புக் கார்டுராய், உயரமான பக்க அணைப்பு. "ஷேல்" என்றார் விற்றவர், அதுவும் ஒரு ஜெர்மன் சீட் நிறுவனம். ஸ்பாஞ்சு தொட்டால் மாவாக உதிர்ந்தது. உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். இடுக்கிலிருந்து ஒரு பழைய ஜெர்மன் பத்து ஃபெனிக் நாணயம் விழுந்தது, 1971. அதைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது குப்பை வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. உறையின் அடியில் ஒரு துணி லேபிள் தைத்திருந்தது. அதை நான் படிக்கவே இல்லை.

ரிவெட்:
நாணயத்தை வைத்துச் சீட்டுக்கு வயது சொல்ல முடியாது. 1971 நாணயம் 1985இலும் பையிலிருந்து விழும்.

என் கதை சிறியது. ஜெர்மனியின் எசன் பழைய கார் கண்காட்சியில் ஒருவர் "1961 அசல் ரெக்காரோ" என்று ஒன்றைக் காட்டினார். ராய்ட்டர் நிறுவனத்தின் கார் கூடு கட்டும் பிரிவை போர்ஷே வாங்கிய 1963இல்தான் அந்தப் பெயரே பிறந்தது. ராய்ட்டர், காரோசெரி (கார் கூடு) என்ற இரண்டு சொற்களை வெட்டி ஒட்டிய பெயர். ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன்.

வாங்கப் போகிறவர்கள் முத்திரையைப் பார்த்து மயங்காதீர்கள். முத்திரை புதிதாகவே கிடைக்கிறது. சீட்டைக் கவிழ்த்துப் போடுங்கள். சட்டகத்தில் ஒட்டிய காகிதமோ அடித்த எண்ணோ இருக்கலாம். பிளாஸ்டிக் மூடிகளின் உட்புறத்தில் கடிகார முகம் போல ஒரு வட்டம் வார்க்கப்பட்டிருந்தால், முள் காட்டுவது மாதம், நடுவில் இருப்பது ஆண்டு. அதுவும் அந்த மூடியின் வயதுதான். எவராவது மூடியை மாற்றியிருந்தால் போயிற்று. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் அடித் தண்டவாளத்தை வைத்து எந்தக் காரிலிருந்து வந்தது என்று முடிவு கட்டவே கட்டாதீர்கள், அது காருக்கேற்ப மாற்றிப் பூட்டுவது. துருக்காரன், ஜெர்மனியில் ஓட்டுநர் உட்காருவது இடது பக்கம், உங்கள் இரண்டில் ஒன்று அங்கே ஓட்டுநர் சீட்டாக இருந்திருக்கலாம். கதவுப் பக்க அணைப்பு எதில் அதிகம் நசுங்கியிருக்கிறது? ஏறி இறங்கித் தேய்த்தவர் ஓட்டுநர்தான்.

பழுப்புக் கார்டுராய்:
நாணயம் சாட்சி என்று நான் எங்கே சொன்னேன்? லேபிள் போனதைத்தான் சொன்னேன்.

துருக்காரன்:
பார்த்தேன். ஒன்றில் கதவுப் பக்கம் நசுங்கித் தையல் விட்டிருக்கிறது. சரி, ஜெர்மன்காரர் உட்கார்ந்தது என்றே இருக்கட்டும். அதை வாங்கிக்கொண்டு வலப்பக்கச் சீட் ஒன்று தர யாராவது இருக்கிறீர்களா? கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.