தாமிரபரணிக் கால்வாய்க் கரையில் ஓயாத பஞ்சர்: ட்யூப்லெஸுக்கு மாறத்தான் வேண்டுமா?

கரைமிதி:
வணக்கம். என்னுடையது கிராவல் சைக்கிள், மண், சரளைப் பாதைக்கானது. 700×40 டயர், உள்ளே சாதாரண ட்யூப். என் எடை 74 கிலோ. காற்று இரண்டு சக்கரத்திலும் 50 பி.எஸ்.ஐ.

செய்துங்கநல்லூரில் தொடங்கி ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வந்து, அங்கிருந்து தென்கால் (தென்கரைக் கால்வாய்) கரையின் மண்பாதையிலேயே ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை போவேன். ஏரலில் ஆற்றைக் கடந்து பெருங்குளம் வழியாக வடகால் (வடகரைக் கால்வாய்) பக்கமாகத் திரும்புவேன். ஒருபுறம் வாழை, மறுபுறம் நெல், நடுவில் நவதிருப்பதிக் கோபுரங்கள். இதைவிட நல்ல பாதை எங்கே கிடைக்கும்?

ஆனால் பின் சக்கரம் படுத்துகிறது. கரையில் பஞ்சர் ஆகும், ட்யூப் மாற்றுவேன், வீடு வரை வந்துவிடும். காலையில் பார்த்தால் தரையோடு கிடக்கும். கடையில் கேட்டால் "முள்ளுதான் சார்" என்று ஒட்டுப் போட்டுத் தருகிறார்கள். தெரிந்தவர்கள் எல்லோரும் உள்ளே ட்யூபே இல்லாத ட்யூப்லெஸ் டயர் போடு என்கிறார்கள். செலவு பண்ணுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன்.

பட்டறைவாசி:
ட்யூப்லெஸ் பேச்சு அப்புறம். முதலில் ஓட்டை ட்யூபில் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

டயரைத் தொடும் வெளிப்பக்கத்தில் ஊசி குத்தினது போல இருந்தால் முள். ரிம்மைத் தொடும் உள்பக்கம் என்றால் ரிம் டேப் (ஸ்போக் துளைகளை மூடும் பட்டை) விலகி ஸ்போக் துளையின் விளிம்பு வெட்டுகிறது. அதற்கும் முள்ளுக்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால் காற்றுக் குறைவு, கல்லில் மோதி ட்யூப் நசுங்கியிருக்கிறது. நீங்கள் வைக்கும் 50க்கு அது நடக்காது.

இன்னொன்று. டயரில் கம்பெனிப் பெயர் இருக்கும் இடம் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுகிறீர்களா? அப்படி மாட்டினால் ட்யூபில் ஓட்டை இருக்கும் இடத்தை வைத்தே டயரில் அந்த இடத்தைப் பிடித்துவிடலாம்.

கரைமிதி:
அண்ணே, பழைய ட்யூப்களை எடுத்து வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஓட்டை வெளிப்பக்கம்தான், ஊசி முனை அளவு. வால்விலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில்தான் எல்லாமே இருக்கிறது! பெயரை வால்வுக்கு நேராக வைத்துத்தான் மாட்டுவேன், பார்க்க அழகாக இருக்கும் என்று.

பட்டறைவாசி:
அழகு கைகொடுத்தது. ஒரே முள்தான் உங்கள் ட்யூப் எல்லாவற்றையும் காலி செய்திருக்கிறது. காய்ந்த கருவேல முள் டயருக்குள் ஏறி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் ஒடிந்துபோகும். முனை மட்டும் ரப்பருக்குள் நிற்கும். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. காற்று நிறைந்து, எடை ஏறி, டயர் அமுங்கும்போது மட்டும் அந்த முனை உள்ளே எட்டிப் பார்த்துக் குத்தும். அதனால்தான் வீடு வரை வந்து, ராத்திரியில் மெதுவாக இறங்குகிறது.

விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும். டயரைக் கழற்றி, உள்பக்கம் முழுவதும் பஞ்சை இழுத்துக்கொண்டே வாருங்கள், இரண்டு திசையிலும். சிக்கும் இடத்தில் டயரை வெளிப்பக்கமாக மடக்கிப் பிடித்தால் முனை தலை காட்டும். புருவம் திருத்தும் இடுக்கி போதும். வெளியே வரவில்லை என்றால் ஊக்கால் உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள்.

காற்றையும் குறையுங்கள். 40 மி.மீ. டயருக்கு உங்கள் எடையில் பின்னால் 42, முன்னால் 38 போதும். விறைப்பான டயர் முள்மேல் அப்படியே ஏறி உட்காரும்.

கானப்பேரி:
கரைமிதி தம்பி, எனக்கு ஏரல் பக்கம்தான். உங்கள் பஞ்சருக்குக் காரணம் கரையில்தான் இருக்கிறது. கால்வாய்க் கரையில் சீமைக்கருவேலத்தை இயந்திரம் வைத்து வெட்டுகிறார்கள் இல்லையா, பெரிய கட்டைகள் விறகுக்கும் கரிக்கும் போய்விடும். சிறு கொப்புகள் அங்கேயே கிடந்து காயும். பச்சை முள் வளையும், காய்ந்த முள் ஆணிதான். சுத்தம் செய்த கரை பார்க்க ஜம்மென்று இருக்கும், சைக்கிளுக்கு அதுதான் மோசம். புதர் மண்டிய கரையில் நடுவே நடைபாதை பழகிய தடம் இருக்கும், அதில் முள் குறைவு. ஆடு மேய்க்கிறவர்கள் போகும் தடத்தைப் பிடியுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் உடைப்பெடுத்து அடைத்த இடங்களில் சரளையும் உடைகல்லுமாக இருக்கும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

தென்திருப்பேரைக்கு அப்புறம் கடம்பாகுளம் பக்கம் போனால் நீர் நிறைந்திருக்கும் மாதங்களில் பறவை பார்க்கலாம். ஆத்தூர் வரை நீட்டினால் கொடிக்கால்கள். அகத்தி நட்டு அதில் வெற்றிலைக் கொடி ஏற்றியிருப்பார்கள், உள்ளே போனால் வெயிலே தெரியாது. ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தோட்டத்துக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், செருப்பை வெளியே விட்டுவிட்டு.

சரளைக்காரன்:
எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். ட்யூப்லெஸ் போட்டால் இந்த இழையே தேவையில்லை. முள் ஏறினால் டயருக்குள் ஊற்றியிருக்கும் சீலன்ட் திரவம் தானே ஓட்டையை அடைத்துக்கொள்ளும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. 34 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டலாம், அந்தக் கரையின் குலுக்கல் பாதியாகிவிடும். பெரிய கிழிசலுக்குப் பிளக் (ரப்பர் திரி) குத்தினால் இரண்டு நிமிடம்.

பட்டறைவாசி:
சரளைக்காரரே, நீங்கள் வாராவாரம் ஓட்டுகிறவர், உங்களுக்குச் சரி. நம் வெயிலில் சீலன்ட் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து ரப்பர் உருண்டையாகக் கிடக்கும். சைக்கிளை மாடியில் நிறுத்தி வைக்கிறவர் ட்யூப்லெஸ் போட்டால், சீலன்ட் இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும்தான் டயருக்குள் இருக்கும். பீடிங் (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு) கழன்றுவிட்டால் கைப் பம்பால் மறுபடி ஏற்றி உட்காரவைப்பது பெரும்பாடு.

நடுவழி ஒன்று இருக்கிறது. வால்வு கோர் (வால்வின் உள்பாகம்) கழலும் ட்யூப் வாங்கி அதற்குள்ளேயே சீலன்ட் ஊற்றலாம். முள்ளுக்கு அது தாராளம். பழைய ட்யூபை நீளவாக்கில் வெட்டி டயருக்கு உள்ளே பட்டையாக விரிக்கும் வழக்கமும் உண்டு, ஆனால் பட்டையின் விளிம்பு புது ட்யூபை அறுக்கும். விளிம்பைச் சாய்வாகத் தேய்த்துவிட்டுப் போடுங்கள்.

சரளைக்காரன்:
காய்ந்தால் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதானே. இதெல்லாம் ஒரு குறையா? நான் மாறமாட்டேன்.

மதகடி:
கரைமிதி, பஞ்சரைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஆதிச்சநல்லூர் பற்றி மட்டும் ஒன்று. பரம்பின் மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள். சரளை மேடு, சவாரிக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 114 ஏக்கரும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். இறந்தவர்களைப் புதைத்த முதுமக்கள் தாழிகள் அதிக ஆழத்தில் இல்லை. 1876இல் ஜெர்மனிக்காரர் யாகோர் தோண்டினார், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார், இன்னமும் எவ்வளவோ உள்ளே இருக்கிறது. குழிமேல் கண்ணாடி பதித்து, மேலே நின்று பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். க்ளீட் (பெடலில் மாட்டும் கட்டி) வைத்த ஷூவோடு கண்ணாடிமேல் ஏறாதீர்கள்.

திரும்பும் வழியில் பெருங்குளத்திலிருந்து சிவகளை பக்கம்தான், விட்டுவிடாதீர்கள். அங்கே தாழியில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் வந்திருக்கிறது. அதே ஊரில் இன்றைக்கும் நெல்தான்.

கோயில்கள் மதியம் நடை சாத்திவிடுவார்கள். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் இருந்த புளியமரம் பார்க்க வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள். சைக்கிளை வெளியே பூட்ட பூக்கடைக்காரரிடம் சொன்னால் பார்த்துக்கொள்வார்.

கானப்பேரி:
மாசி, பங்குனியில் பிசானப் பருவ நெல் அறுவடை. செயின் வண்டி (பட்டைச் சக்கர அறுவடை இயந்திரம்) இறங்கிய வயல் ஓரங்களில் ஈர மண்ணில் பட்டை பட்டையாகத் தடம் பதிந்து, காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். அதில் ஓட்டினால் பல் ஆடும். ரோட்டில் காயப்போட்ட நெல்லின் மேல் ஏற்றிவிடாதீர்கள், வசவு நிச்சயம். வைக்கோல் பின் கியரில் சுற்றினால் மிதிக்காமல் நிறுத்திக் கையால் உருவுங்கள். மிதித்தால் ஹேங்கர் (பின் கியரைத் தாங்கும் துண்டு) வளைந்துவிடும்.

கரைமிதி:
கிடைத்துவிட்டது! பஞ்சு சிக்கியது. நகத்தின் வெள்ளை அளவுகூட இல்லை, கறுப்பாக ஒரு முனை. ஊக்கால் தள்ளி எடுத்தேன். காற்றை 42க்கு இறக்கி தென்கால் கரையில் போய்வந்தேன், பின் சக்கரம் அப்படியே நிற்கிறது. ட்யூப்லெஸ் இப்போதைக்கு இல்லை. சரளைக்காரர் கோபிக்க வேண்டாம்.

இப்போது முன் சக்கரம். இரண்டு நாளைக்கு ஒரு முறை கொஞ்சம் இறங்குகிறது. ட்யூபைக் கழற்றித் தண்ணீரில் முக்கிச் சுற்றிப் பார்த்தேன், எங்கேயும் குமிழி இல்லை. பிரெஸ்டா வால்வு, மெலிசாக நுனியில் சிறு நட்டு இருக்குமே, அது. கடையில் கம்ப்ரசரில் பிடிக்க அடாப்டர் போட்டுத்தான் காற்று ஏற்றுவேன்.

பட்டறைவாசி:
ட்யூபை முக்கும்போது வால்வின் தலையை முக்கினீர்களா? பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுவார்கள். காற்றை நிறைத்து, மேல் நட்டை மூடி, வால்வு நுனியில் எச்சிலோ சோப்புத் தண்ணீரோ வைத்துப் பாருங்கள். மெதுவாக ஒரு குமிழி ஊதினால் கோர்தான். அடாப்டரைத் திருகிக் கழற்றும்போது கோரும் கூடவே கொஞ்சம் கழன்றுவிடும். இடுக்கியால் பிடித்துக் கால் சுற்று இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். அப்படியும் குமிழி வந்தால் கோரை மட்டும் மாற்றினால் போதும், ட்யூபைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.