பாக்ஸ்டர் 986: வாட்டர் பம்ப் பற்றி யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. டொராண்டோவில் 2001 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் கார் (986 என்பது அதன் தலைமுறைக் குறியீடு) வைத்திருக்கிறேன். போன வாரம் முன் பம்பரைக் கழற்றினேன். இரண்டு பக்கமும் ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவில் மக்கிய மேப்பிள் இலை கைப்பிடி கைப்பிடியாக வந்தது. ஈரம் தங்கியதால் அலுமினியத் தகடுகள் விரல் பட்டாலே உதிர்கின்றன. ஒழுகல் இன்னும் இல்லை, அதுவரை நிம்மதி.

ரேடியேட்டரை மாற்ற கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எப்படியும் இறக்கத்தான் வேண்டும். அதோடு வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். பம்புக்குள் சுழன்று கூலன்ட்டைத் தள்ளும் சக்கரம், அதாவது இம்பெல்லர், பிளாஸ்டிக் நல்லதா, உலோகமா? பிளாஸ்டிக் உடைந்தால் துண்டுகள் உள்ளே போய்விடும். உலோகம் என்றால், பேரிங் தேய்ந்தபின் இன்ஜின் பிளாக்கையே சுரண்டிவிடுமோ என்று பயம்.

இன்ஜின் நடுவில், ரேடியேட்டர் முன்னால். குழாய் அவ்வளவு நீளம். கூலன்ட்டைத் திரும்ப நிரப்பும்போது உள்ளே காற்று தங்கிவிடும். காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் கருவி இல்லாமல் அதை முழுசாக வெளியேற்றியவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை வேலையைத் தொடங்குகிறேன்.