பேறுகாலத்துக்கு 5 வாரம்தான் இருக்கிறது, அம்மா 3 கிலோ கருப்பட்டிக்குச் சொல்லி வைத்துவிட்டாள்

இரணியல்காரி

அக்காமாரே, எனக்கு 35வது வாரம் நடக்கிறது, முதல் பிள்ளை. வளைகாப்பு முடிந்து இரணியல் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். தேதி ஐப்பசியில், நல்ல மழை நேரம். பிள்ளைக்கு எல்லாம் தயார். தொட்டில் கட்டக் கொக்கி பார்த்தாச்சு, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்தாச்சு. எனக்கென்று என்ன இருக்கிறது என்று பார்த்தால் அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் டப்பா, அதுவும் எதிர் வீட்டு மாமி கொண்டு வந்தது.

விஷயம் என்னவென்றால் 26வது வாரத்தில் எனக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார்கள். மாத்திரை இல்லை, சாப்பாட்டிலேயே கட்டுப்படுத்துகிறேன், ஏத்தம்பழத்தையும் மரச்சீனிக் கிழங்கையும் விட்டு இரண்டு மாதம் ஆகிறது. அம்மாவோ பிள்ளை பிறந்ததும் உளுந்தங்களி, லேகியம், கருப்பட்டிக் காப்பி என்று 40 நாளுக்குத் திட்டம் போட்டிருக்கிறாள். கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாதாம். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டுமாம், இல்லையென்றால் வயிறு தள்ளிவிடுமாம். அப்புறம் இலை போட்டுக் காய்ச்சிய வேது தண்ணீர்க் குளிப்பு, வயிற்றில் துணி இறுக்கிக் கட்டுவது. சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை, அவளும் எனக்காகத்தான் ஓடுகிறாள். இதில் எதற்குத் தலையாட்டலாம், எதற்கு முடியாது என்று சொல்ல வேண்டும்? எனக்கென்று இப்போதே என்ன எடுத்து வைக்கலாம்?

தக்கலை அக்கா

மக்கா, முதலில் ஒரு அகலமான பிளாஸ்டிக் பேசின் வாங்கு. சிரிக்காதே. எனக்கு இரண்டும் சுகப்பிரசவம், முதல் தடவை தையல் போட்டார்கள். பிறகு ஒண்ணுக்குப் போகும்போது எரியும் எரிச்சலைப் பற்றி ஒருத்தியும் என்னிடம் முன்னால் சொல்லவில்லை. போகும்போதே மக்கில் இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் எரிச்சல் பாதியாகக் குறையும், பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்தால் தையல் இடம் இதமாக இருக்கும். இதை இரண்டாவது பேற்றில்தான் கற்றுக்கொண்டேன்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. நான் அம்மா சொன்னபடி ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் குடித்தேன். ஐந்தாம் நாள் கழிவறையில் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன், தையலும் மலச்சிக்கலும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும், தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் வயிறு தள்ளாது.

மழை நேரம் என்பதால் முன்பக்கம் திறக்கிற நைட்டி நான்கு போதாது, குறைந்தது ஆறு வேண்டும். ஐப்பசியில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரவாடை போகாது, ஈரத்துணியைக் கட்டினால் அரிப்பும் புண்ணும்தான். இஸ்திரிப் பெட்டி எடுத்து வை. பெரிய நாப்கின் நாலைந்து பாக்கெட் வேண்டும், ரத்தப்போக்கு மெல்லக் குறைந்து நிற்க ஆறு வாரம்கூட ஆகலாம். பிக்மி நம்பரும் (கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்தது) ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஒரே பையில் இருக்கட்டும், அந்த நம்பர் இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டிவரும்.

வார்டு நர்ஸ்

நான் பிரசவ வார்டில் 18 வருடமாக வேலை செய்கிறேன். முதலில் கருப்பட்டி. வெள்ளைச் சர்க்கரையைவிட ருசியானது, மறுக்கவில்லை, ஆனால் ரத்தத்தில் போனால் அதுவும் சர்க்கரைதான். பெரும்பாலோருக்குப் பிள்ளை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிடும், அத்தோடு எல்லோரும் மறந்தும் விடுகிறார்கள். 6 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள், பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல். தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இதற்கு மட்டும் வருவதில்லை.

அம்மாவிடம் 'வேண்டாம்' என்று சொல்லாமல் வேறு வேலை கொடுங்கள். தொலி உளுந்தும் பூண்டும் தேங்காயும் போட்டு உளுந்தஞ்சோறு, கூடவே சாளைக் குழம்போ நெத்திலியோ, முருங்கைக்கீரை, பால்சுறா புட்டு, இதெல்லாம் தாராளமாகச் செய்யட்டும், சோற்றின் அளவு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். லேகியம் என்றால் என்னென்ன சேர்த்தது என்று தெரிந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடலாம், சீட்டு ஒட்டாத டப்பா வேண்டாம். வேது தண்ணீர் இளஞ்சூடாக இருந்தால் உடம்புக்குச் சுகம்தான். ஆனால் சிசேரியன் ஆகிவிட்டால் காயம் ஆறும்வரை வயிற்றில் வீசி ஊற்றக் கூடாது, துணியும் மூச்சு முட்ட இறுக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையைப் பேற்றுக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும், காப்பியோடும் பாலோடும் வேண்டாம், கால்சியத்தை வேறு நேரத்தில் போடுங்கள்.

பிள்ளை பிறந்ததும் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தடவும் சேனை தொட்டு வைப்பது வேண்டவே வேண்டாம். சர்க்கரை இருந்த அம்மாவின் பிள்ளைக்குப் பிறந்த சில மணி நேரத்தில் சர்க்கரை இறங்கக்கூடும், ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள், அதுதான் சேனை.

இன்னொன்று, இதை அம்மாவுக்கும் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பெரிய நாப்கின் நனைந்துவிட்டால், எலுமிச்சை அளவுக்கு மேல் கட்டி விழுந்தால், 100.4க்கு மேல் காய்ச்சல் அடித்தால், தலைவலியோடு கண் மங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், 'விடியட்டும்' என்று பார்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ரத்த அழுத்தம் பேற்றுக்குப் பிறகும் ஏறும், வீட்டுக்குப் போனதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. இப்போதைக்குப் பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் அன்றே போய்க் காட்டுங்கள்.

குளச்சல் மாப்பிள்ளை

பெண்கள் பேசுகிற இடத்தில் நுழைந்ததற்கு மன்னிக்கவும். எங்களுக்குப் பிள்ளை பிறந்தபோது நான் மஸ்கட்டில். நாலாம் நாள் மனைவி அழுதாள், பலருக்கும் வருவதுதான் என்றார்கள், அது சரிதான். ஆனால் ஒரு மாதம் ஆகியும் நிற்கவில்லை. வீடியோ காலில் பிள்ளையைக் காட்டு என்றால் போனைப் பிள்ளை பக்கம் திருப்பிவிட்டு அவள் சுவரைப் பார்ப்பாள். வீட்டில் காத்துக்கருப்பு என்று கையில் கயிறு கட்டியிருந்தார்கள். லீவு போட்டு வந்து டாக்டரிடம் கூட்டிப்போனேன், பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரை கொடுத்தார்கள், மெல்ல மெல்லச் சரியானது. இரண்டு வாரத்தைத் தாண்டி அழுகை, தூக்கமின்மை, பிள்ளை மேல் ஒட்டுதல் இல்லாமை என்றால் காத்திருக்காதீர்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி, ஆளைத் தனியே விடக் கூடாது.

ராத்திரி பால் கொடுப்பது மட்டும்தான் உங்கள் வேலை. ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் உங்கள் வீட்டுக்காரர் செய்யட்டும், இப்போதே சொல்லி வையுங்கள்.

இரணியல்காரி

எல்லோருக்கும் நன்றி. நர்ஸக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சேனை பற்றிப் படித்தபோது முகம் கொஞ்சம் மாறியது, ஆச்சி இருந்தால் விட்டிருப்பாளா என்று கேட்டாள். தண்ணீருக்கு ஒத்துக்கொண்டாள், 'அப்போ நாங்களெல்லாம் சும்மாவா தாகத்தோடு கிடந்தோம்' என்று ஒரு முணுமுணுப்போடு. எனக்கு அது சுருக்கென்று இருந்தது, நான் பிறந்தபோது அவளுக்கு வயது 20.

கருப்பட்டியை மட்டும் குறைக்க மாட்டாளாம், பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி போட வேண்டுமாம். பேசின் வாங்க அப்பா மார்த்தாண்டம் போயிருக்கிறார், எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை.